பச்சைத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருந்த வேலை

நான் போய்ச் சேர்ந்தபோது குளத்தோரத்தில் இரண்டு அட்டைப்பெட்டிகள் பிரிக்காமல் இருந்தன. ஒன்றில் பாசியைக் கொல்லும் 55 வாட் யூவி (புற ஊதா) விளக்கு. இன்னொன்றில் மணிக்கு 16,000 லிட்டர் தள்ளும் என்று மேலே அச்சடித்த 250 வாட் பம்ப். கோவை வடவள்ளிப் பக்கம், தோட்டத்தோடு கூடிய வீடு. வீட்டுக்காரர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். "ஏனுங்க தம்பி, இது ரெண்டையும் மாட்டிட்டா தண்ணி தெளிஞ்சிருமில்லீங்க?" என்றார்.

தெளியும் என்றேன். தெளிந்த பிறகு மீன் என்ன ஆகும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

குளத்தில் 14 கோய், ஜப்பானிய அலங்காரக் கெண்டை மீன். பெரியது ஒன்றரை முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, சின்னது ஒரு சாண். நவம்பரில் இரண்டு செத்துப்போயிருந்தன. தண்ணீர் பட்டாணிச் சூப் மாதிரி பச்சை. கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. சாயங்காலமானால் மீன்கள் சுவரில் உடம்பை உரசும், துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். காலையில் தண்ணீர் திரும்பிக் கொட்டுகிற குழாயின் அடியில் வந்து கூடிக்கொள்ளும். பூச்சி என்று நினைத்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் இரண்டு தடவை போட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் இரண்டு போயின.

வடிகட்டி என்று இருந்தது 500 லிட்டர் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. மேலே ஸ்பாஞ்ச், நடுவில் பிளாஸ்டிக் பந்துகள், அடியில் கூழாங்கல் மூட்டை. குளத்தின் தரையில் கிடக்கும் பம்ப் தண்ணீரை மேலே ஏற்றித் தொட்டிக்குள் தள்ளும். அது கல்லையெல்லாம் கடந்து திரும்பக் குளத்தில் விழும். நம்மூரில் பத்தில் எட்டுக் குளம் இப்படித்தான் இருக்கிறது. அதைக் கட்டிக்கொடுத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாலு சின்ன மீனுக்கு அது போதும். மீன் வளரும் என்பதைத்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பெட்டியைப் பிரிக்க வேண்டாம், ஒரு மாதம் அளந்து பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு என்றதும் ஒரு நோட்டு எடுத்து வந்துவிட்டார்.

குளத்தில் எத்தனை லிட்டர்?

"15,000 லிட்டருங்க. 5 மீட்டர், இரண்டரை மீட்டர், 1.2 மீட்டர். பெருக்கிப் பாருங்க" என்றார். பெருக்கினால் 15,000 வரும்தான். ஆனால் குளம் பெட்டி வடிவமில்லை. அவரைக்கொட்டை மாதிரி வளைந்தது, ஓரம் சரிந்தது, ஒரு பக்கம் அல்லிக்காகப் படி விட்டது.

உப்பு போட்டு அளந்தோம். அயோடின் சேர்க்காத கல்லுப்பு 10 கிலோவை வாளியில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றி, ஒரு நாள் கலக்கவிட்டு, மீட்டரில் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது. இந்தச் சின்ன மீட்டர்கள் உப்பைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டும். அதனால் முதலில் 10 லிட்டர் குளத்துத் தண்ணீரை வாளியில் எடுத்து, நகைத் தராசில் நிறுத்த 9 கிராம் அதே உப்பைப் போட்டு, மீட்டர் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொண்டோம். குளத்திலும் ஏறத்தாழ அதே அளவு ஏறியது. லிட்டருக்கு 0.9 கிராம் என்றால் 10 கிலோ உப்பு கரைந்திருப்பது சுமார் 11,000 லிட்டரில்.

வீட்டுக்காரர் நோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை. 15,000 லிட்டருக்கு நிறுத்த பெர்மாங்கனேட் 11,000 லிட்டரில் விழுந்திருக்கிறது. மருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். நவம்பர்ச் சாவுக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏற்கெனவே செவுள் நொந்த மீனுக்கு அந்த அதிகப்படி சும்மா போயிருக்காது.

அடுத்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய பம்ப். பெட்டியில் எழுதிய லிட்டர் கணக்கு, தண்ணீரை மேலே ஏற்றாமல், குழாயே மாட்டாமல் விட்டால் வருவது. இங்கே 1.8 மீட்டர் ஏற்றம், ஒன்றேகால் அங்குலக் குழாய், வழியில் ஏழு எல்போ. 20 லிட்டர் வாளியைக் குழாய் வாயில் பிடித்துக் கைக்கடிகாரத்தில் பார்த்தோம், பதினேழரை விநாடி. அதாவது மணிக்கு 4,100 லிட்டர் சொச்சம். பம்பின் மேலே எழுதியிருந்தது 10,000. குளம் ஒரு முறை சுற்றி வர இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. இந்த அளவு மீன் இருக்கும் குளத்தில் ஒன்று, ஒன்றேகால் மணிக்கு ஒரு தடவையாவது சுற்ற வேண்டும் என்பது என் கணக்கு.

காலையும் மாலையும்

ஜனவரி முழுக்க விடியற்காலை ஆறு மணிக்கும் மாலை நாலரைக்கும் அவரே பரிசோதித்து எழுதினார். நோட்டு இன்னும் அவரிடம் இருக்கிறது. வங்கிப் பேரேடு மாதிரி கோடு போட்டு வைத்திருக்கிறார்.

மீன் வெளிவிடும் அமோனியா எப்போதும் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) பக்கம். அமோனியாவைப் பாக்டீரியா மாற்றும்போது நடுவில் வரும் நைட்ரைட் லேசாக. காலையில் பிஎச் 7.0, மாலையில் 8.8. கேஎச், அதாவது தண்ணீர் தன் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் பலம், வெறும் 30 பிபிஎம். இரவல் வாங்கிய மீட்டரில் கரைந்த ஆக்சிஜன் விடியலில் 4.1 பிபிஎம். ஜனவரிக் குளிரில் தண்ணீர் 8 வரை பிடித்து வைத்திருக்க வேண்டியது.

இந்தக் குளத்தின் கதை முழுவதும் இந்த எண்களில் இருக்கிறது. பசும்பாசி பகலில் தண்ணீரிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சும், பிஎச் ஏறும். இரவில் மூச்சு மட்டும் விடும். ஆக்சிஜனும் இறங்கும், பிஎச்சும் இறங்கும். கேஎச் நன்றாக இருந்தால் இந்த ஊஞ்சல் இவ்வளவு உயரம் ஆடாது. சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், ஆனால் மென்னீர். கோய்க்குத் தேவையான தாதுவை அது தானாகக் கொண்டுவராது. போர்த் தண்ணீர் உள்ள பகுதிகளில் இதற்கு நேரெதிரான தொல்லை. அது வேறு கதை.

அமோனியா 0.5 என்று சோதனைக் குப்பி காட்டுவது மொத்த அளவு. அதில் செவுளைச் சுடுவது ஒரு பகுதிதான். அந்தப் பகுதியைத் தீர்மானிப்பது பிஎச்சும் வெப்பமும். 25 டிகிரியில் பிஎச் 7.0 என்றால் நச்சுப் பகுதி நூற்றில் ஒன்றுகூட இல்லை. 8.8 என்றால் கால் பங்கைத் தாண்டும். ஆக, ஒரே 0.5 காலையில் 0.003, மாலையில் 0.13. மீன் சாயங்காலம் சுவரில் உரசியது பூச்சியால் அல்ல. காலையில் குழாயடியில் கூடியது மூச்சுக்கு. இவர் பல நாளும் காலை பத்து மணிக்குச் சோதித்துவிட்டு "எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது" என்று இருந்திருக்கிறார்.

பாசி தின்ற தீனி

மீனுக்கு ஒரு நாளைக்கு 200 கிராம் தீவனம் போகிறது. புரதம் 38 சதவீதம் என்று பையில் இருந்தது. தீவனத்தின் எடையைப் புரதத்தின் பங்கால் பெருக்கி, அதை 0.092-ஆல் பெருக்கினால் வெளிவரும் அமோனியா கிடைக்கும் என்பது மீன் வளர்ப்பில் வழக்கமான கணக்கு. இங்கே நாளுக்கு 7 கிராம். வடிகட்டியில் ஒட்டி வளரும் பாக்டீரியா இதை நச்சு குறைந்த நைட்ரேட் ஆக்க 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும். கூடவே சுமார் 50 கிராம் சுண்ணாம்புச் சத்துக்குச் சமமான கேஎச்சையும் அது தின்றுவிடும். 11,000 லிட்டரில் அது நாளுக்கு நாலரை பிபிஎம். கையில் இருப்பது 30. ஒரு வாரம் தாங்காது.

ஆனால் மாதக்கணக்கில் தாங்கியிருக்கிறதே? எப்படி?

பாசிதான். அமோனியாவில் ஒரு பெரும்பங்கைப் பாக்டீரியாவுக்குப் போகாமல் பாசியே நேராகத் தின்றுகொண்டிருந்தது. பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரேட்டையும் தின்று, போன கேஎச்சில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்புத் தொட்டி பெயருக்குத்தான் வடிகட்டி. உண்மையான வடிகட்டி, எல்லோரும் கொல்லப் பார்த்த பச்சைத் தண்ணீர். பெட்டியிலிருந்த யூவியை டிசம்பரிலேயே மாட்டியிருந்தால் பத்து நாளில் பாசி செத்திருக்கும். 7 கிராம் அமோனியாவும் தயாராக இல்லாத தொட்டியின் தலையில் விழுந்திருக்கும். அதையும் மீறிப் பாக்டீரியா பெருகியிருந்தால் கேஎச் தீர்ந்து ஒரு ராத்திரியில் பிஎச் சரிந்திருக்கும். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்திருக்கும். மீன் இருந்திருக்காது.

ஜப்பானில் நீகாத்தா மலைச்சேற்றுக் குளங்களில் கோடையில் கோய் வளரும் தண்ணீரும் இப்படிக் கலங்கிய பச்சைதான். ஆனால் அங்கே நிலமும் பரப்பும் பெரியது, மீன் நெருக்கம் குறைவு. நாம் 11,000 லிட்டரில் 14 மீனை வைத்துக்கொண்டு அதை உதாரணம் காட்ட முடியாது. பாசியை எடுக்கத்தான் வேண்டும், கடைசியாக.

தொட்டி ஏன் தயாராக இல்லை என்பதைத் தோட்டக்காரர் சொன்னார், பெருமையாக. "வாரா வாரம் திறந்து, பஞ்சு கல்லு எல்லாத்தையும் குழாயை வெச்சுப் பீச்சி அடிச்சுப் பளபளன்னு கழுவிருவேனுங்க." மாநகராட்சிக் குழாய். குளோரின். பிழைத்திருந்த பாக்டீரியாவை வாரம் ஒருமுறை நாமே கொன்றுகொண்டிருந்தோம். அவருக்கு அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இனிமேல் குளத்துத் தண்ணீரை வாளியில் எடுத்து அதில் லேசாக அலசினால் போதும் என்று மட்டும் சொன்னேன். அப்படியும், கூழாங்கல் மூட்டையின் நடுவைப் பிரித்தபோது கறுப்புச் சேறும் அழுகிய முட்டை நாற்றமும் வந்தன. அவ்வளவு கழுவியும் தண்ணீர் பீச்சியது உள்ளே எட்டவில்லை.

அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் பம்ப்தான். மீன் கழிவு தரையில் விழும்போது முழுசாக, புழு மாதிரி இருக்கிறது. அதைத் தரையில் கிடக்கும் பம்ப் இழுத்து, சுழலும் இறக்கையில் அரைத்து, மாவாக்கித் தொட்டிக்கு அனுப்புகிறது. மாவை எந்த ஸ்பாஞ்சும் பிடிக்காது. அரைத்தபின் சலிப்பதைவிட அரைக்காமல் எடுப்பது சுலபம் என்பது மாவு மில்லுக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும்.

வாங்கும் பட்டியல் மாறியது

அமோனியாவுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? பாக்டீரியா ஒட்டி வளரும் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 0.3 கிராம் என்று கஞ்சத்தனமாகவே வைத்தேன். 7 கிராமுக்கு 23 சதுர மீட்டர். சக்கரம் சக்கரமாக வரும் கே1 பிளாஸ்டிக் வளையத்தில் ஒரு கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பரப்பு உண்டு. ஆக 50 லிட்டர் வளையம் போதும். இரட்டிப்பாக்கி 100 லிட்டர் என்று வைத்தோம். ஒரு 200 லிட்டர் நீல டிரம்முக்குள் அடங்கிவிடும், அடியிலிருந்து காற்று விட்டுச் சுழலவிடலாம். ஒரு கடையில் இதற்கு 300 லிட்டர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மிச்சமான அந்தப் பணம் நேராக டிரம் பில்டருக்குப் போனது: 70 மைக்ரான் சல்லடை சுற்றிய உருளை, அழுக்கு அடைத்தால் தானே சுழன்று கழுவி வெளியே தள்ளும். மற்ற முறைகளில் அழுக்கு நாம் கழுவும் நாள்வரை தண்ணீருக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும். பிரஷ் போட்ட தொட்டி இதைவிட மிக மலிவு. ஆனால் அதை யார் கழுவுவது என்ற கேள்விக்கு இந்த வீட்டில் ஒரே பதில்தான், தோட்டக்காரர். அவர் கையில் எப்போதும் ஒரு குழாய் இருக்கிறது.

டிரம் பில்டருக்குக் கழிவு அரைபடாமல் வர வேண்டும். அதற்குக் குளத்தின் ஆழமான இடத்திலிருந்து நாலு அங்குலக் குழாயில் தண்ணீர் தன் போக்கில் வடிந்து வர வேண்டும். பம்ப் எல்லாவற்றுக்கும் கடைசியில். தரையில் வடிகால் வைக்காத குளம் இது. தரையை உடைத்தால் மீனை மூன்று வாரம் வேறு இடத்தில் வைக்க வேண்டும், புதுச் சிமென்ட்டின் காரம் போக வாழைத்தண்டு போட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். கொத்தனார் அதற்கும் தயார்தான். நான்தான் வேண்டாம் என்றேன். பதிலாகச் சுவரில், நீர்மட்டத்துக்கு ஒரு அடி கீழே, கோர் கட்டிங் மெஷினில் ஒரு துளை. அதிலிருந்து குழாயைக் குளத்தின் உள்ளேயே தரை வழியாக நடுவுக்குக் கொண்டுபோய், முனையில் குடை மாதிரி மூடி. குழாய் முழுக்க நீருக்குள் இருப்பதால் தரையில் வடிகால் வைத்ததைப் போலவே வேலை செய்யும். மணிக்கு 10,000 லிட்டர் போனால் உள்ளே விநாடிக்கு மூன்றில் ஒரு மீட்டர் வேகம் இருக்கும், கழிவு வழியில் படியாது. துளை போட நீரை ஒன்றரை அடி இறக்கினால் போதும். மீன் குளத்திலேயே இருக்கும்.

வீட்டம்மாவுக்கு ஒரே ஒரு ஆட்சேபம். "தண்ணி தெளிஞ்சா அந்தக் குழாய் தெரியுமேங்க?"

அதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை.

மின்சாரக் கணக்கை வீட்டுக்காரரே போட்டார். தண்ணீரை 1.8 மீட்டர் ஏற்றத் தேவையில்லை, அரை மீட்டர் போதும் என்றானதும் 85 வாட் பம்பிலேயே மணிக்கு 10,000 லிட்டர் வருகிறது. இரண்டு மாதத்துக்கு 122 யூனிட். பழைய 110 வாட் பம்ப் 158 தின்றது. பெட்டியில் இருந்தது 360 தின்றிருக்கும். அவர் வீட்டுப் பில் 500 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே ஓடுகிறது. தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். மறுநாளே அந்தப் பெட்டியைக் கடைக்குத் திருப்பிவிட்டார். காற்றுப் பம்ப் 60 வாட், அதை மட்டும் வீட்டு இன்வர்ட்டரில் இணைத்தோம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் தண்ணீர் ஓடாவிட்டாலும் மீனுக்கு மூச்சு இருக்கும்.

வடிந்து வரும் அமைப்பு என்றால் டிரம் பில்டர் குளத்து நீர்மட்டத்துக்கே இறங்கி உட்கார வேண்டும். குளத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே மூன்றரை அடிச் சந்து. அங்கே குழி. சுவரின் அஸ்திவாரத்தைத் தொடாமல் தோண்ட இரண்டு நாள் ஆனது. மழையில் குழி நிரம்பினால் உள்ளே காலியாக இருக்கும் தொட்டி படகு மாதிரி மிதந்து குழாய் இணைப்பையெல்லாம் பிய்த்துவிடும். நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதனால் குழியின் அடியில் தண்ணீர் வெளியேற வழியும், தொட்டிகளைத் தரையோடு இறுக்கும் பட்டையும். ஈரக் குழிக்குள் மின்சாரம் போவதால், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் ஒயரைத் தொடமாட்டேன் என்று எலக்ட்ரீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். டிரம் கழுவிய தண்ணீர் பின்பக்க வாழைக்கு.

வரிசை

முதலில் கேஎச். 1,000 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற 16.8 கிராம் சமையல் சோடா. 30-லிருந்து 80-க்கு ஏற்ற இந்தக் குளத்துக்கு 924 கிராம். ஐந்து நாளாகப் பிரித்து, காலையில் கரைத்து ஊற்றினோம். சலவைச் சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு. மளிகைக் கடையில் பெயரைத் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். அந்த ஐந்து நாளும் தீவனம் பாதி. வாரக் கடைசியில் மாலை பிஎச் 8.3-க்கு இறங்கியது, காலை பிஎச் 7.6. சுவரில் உரசுவது அதற்குள்ளேயே பாதி குறைந்துவிட்டது. வடிகட்டியில் நாங்கள் இன்னும் ஒரு திருகைக்கூடத் திருகவில்லை.

புது வளையங்களை வலைப்பையில் கட்டிப் பழைய தொட்டியின் மேல்தட்டில் மிதக்கவிட்டது ஜனவரி முதல் வாரத்திலேயே. புது வளையத்தில் பாக்டீரியா பிடிக்கச் சூடான தண்ணீரிலேயே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பிப்ரவரி நடுவில் குழியில் எல்லாம் உட்கார்ந்தபோது வளையத்தில் பழுப்பு நிறப் பூச்சு ஏறியிருந்தது. பழைய தொட்டியைக் கழற்றாமல் இரண்டையும் ஒரு மாதம் சேர்ந்தே ஓடவிட்டோம். கழற்றும்போதும் கல்லை ஒரே நாளில் எடுக்கவில்லை, மூன்று தவணையில் எடுத்தோம். காலியான தொட்டி இப்போது நிரப்புத் தண்ணீரை ஒரு நாள் காற்று விட்டுக் குளோரின் போக வைக்கிறது.

யூவியை மார்ச் கடைசி வாரத்தில் போட்டோம். அதற்கு முன்பே, டிரம் ஓட ஆரம்பித்த மூன்றாவது வாரத்திலேயே, பச்சை பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. அமோனியா இரண்டு வாரமாகக் குப்பியில் நிறமே காட்டவில்லை. விடியல் ஆக்சிஜன் 6.5. பாசி முழுக்கப் போனதும் கேஎச் இறங்கும் என்று எதிர்பார்த்தோம், இறங்கியது: முதல் வாரத்திலேயே 80-லிருந்து 55. வாரத்துக்கு அரை கிலோ சோடா என்று ஒரு வரி அவர் நோட்டில் நிரந்தரமாகச் சேர்ந்தது. கூடவே தூத்துக்குடிக் கிளிஞ்சல் ஒரு மூட்டை, டிரம்முக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் வழியில்.

ஏப்ரல் தொடக்கத்தில் போனபோது தரையில் கிடந்த ஒரு புளியங்கொட்டை மேலிருந்தே தெரிந்தது. குழாயும் தெரிந்தது, வெள்ளை வெளேரென்று, குளத்தின் நடுவே. வீட்டம்மா என்னைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு கடப்பாக் கல் துண்டுகளோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.